பச்சை உடம்பின் நாற்பத்திரண்டு நாட்கள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளை பிறந்தவுடன் தாயின் கர்ப்பப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் தொப்புள் மட்டத்தில் நிற்கும். ஆறு வாரத்தில் அது நூறு கிராமுக்கும் கீழே சுருங்கி இடுப்புக்கூட்டுக்குள் பழைய இடத்துக்குப் போய்விடும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் புண் ஆறுவதும், ஒன்பது மாதம் உடம்பில் தேங்கிய நீர் வடிவதும், பால் சுரப்பு நிலைப்படுவதும் இந்த நாட்களில்தான். பச்சை உடம்பு என்று பாட்டிமார் சொன்னதும், 42 நாட்களைப் பேறுகாலத்தின் தொடர்ச்சியாக மருத்துவம் கணக்கிடுவதும் ஒரே உடம்பைப் பார்த்துத்தான். ஆனால் பிள்ளை பிறந்த வீட்டின் கண்ணெல்லாம் தொட்டிலின் மேல் போய்விடுகிறது. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், அதைச் சுமந்து வரும் தாயின் ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கேட்பதில்லை.

பிரசவத்தை ஒட்டிய மரணங்களில் கணிசமானவை பிள்ளை பிறந்த பிறகு நேர்பவை. அவற்றுக்கு முதன்மையான காரணம் ரத்தப்போக்கு. முதல் மூன்று நான்கு நாட்கள் சிவப்பாகவும், பத்து நாள் வரை பழுப்பு கலந்தும், பிறகு மஞ்சள் வெள்ளையாகவும் படுவது இயல்பு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகளாக விழுந்தால், வெளுத்துவந்த போக்கு மறுபடி நல்ல சிவப்பானால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாற்றமடிக்கும் போக்குடன் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைச்சதை வலியும், மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி ஆகியவையும் அப்படியே. எளிதில் தவறிப்போகிற ஒன்று தலைவலி. விடாத தலைவலியும் கண் மங்குவதும் தூக்கம் கெட்டதால் வந்தவை என்று தைலம் தேய்த்து விடப்படுகின்றன. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை அது திடீரென ஏறி வலிப்பில் முடியலாம். இவற்றில் எதைக் கண்டாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இயல்பான பிரசவமானாலும் தாய் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாட்களுக்குள் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை என மூன்று தடவை தாயையும் குழந்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சயான் ஆஸ்பத்திரி தாராவிக்கு அடுத்த வாசல். அங்கே கூட்டம் என்று தயங்குகிறவர்களுக்கு, சோட்டா சயான் என்று ஊரே அழைக்கும் நகர்ப்புற சுகாதார மையம் தாராவிக்குள்ளேயே இருக்கிறது. செம்பூர்க்காரர்களுக்கு மாநகராட்சியின் மா ஆஸ்பத்திரி உண்டு.

இனி சாப்பாடு. பேறுகாலச் சமையலில் நம் வீடுகளுக்கு அறிவு ஏராளம். தொல்லை தருவது அதனுடன் ஒட்டிக்கொண்ட தடைகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் நிலைத்த குடும்பங்களின் உளுந்தங்களியில் உளுந்தின் புரதமும் நல்லெண்ணெயின் கொழுப்பும் கருப்பட்டியின் இனிப்பும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்துவிடுகின்றன. மற்ற நாளில் பூண்டு சேராத மாட்டுங்கா அக்கிரகாரத்துச் சமையலறைகூடப் பிரசவத்துக்குப் பூண்டை நெய்யில் வதக்கிப் போடும். பூண்டின் மணம் பாலிலும் ஏறும். குழந்தை அதை வெறுப்பதில்லை. சுக்கு, திப்பிலி, ஓமம், மிளகு போட்டுக் கிளறிய லேகியத்தை நெல்லிக்காய் அளவு சாப்பிடுவதில் தவறில்லை. சர்க்கரை நோய் உள்ளவர் கருப்பட்டி, வெல்லத்தின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ்பம், செந்தூரம் கலந்த மருந்தை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அண்டைவீட்டு மராத்திக்காரர் அன்போடு கொண்டுவரும் டிங்க் லட்டுவும் அளிவ் லட்டுவும் நல்ல உணவே.

தடைகளோ வேறு கதை. பத்தியம் என்ற பெயரில் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும் மிளகுக் குழம்பும் சோறுமாக நாற்பது நாளை ஓட்டுவது, கீரை மந்தம், பழம் சளி, தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக நிறுத்துவது, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் வயிறு பெருத்துவிடும் என்று அரை டம்ளர் வெந்நீர் கொடுப்பது ஆகிய மூன்றும் உடம்பைக் கெடுக்கின்றன. காய்கறி, பழம், தண்ணீர் மூன்றும் குறைந்தால் மலம் இறுகும். தையல் போட்ட உடம்பு முக்கும்போது தையல் வலிக்கும், மூலம் தள்ளும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் பெண்ணுக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரியும் சுமார் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். நான்கு இட்லியும் சாம்பாரும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் அதற்கு ஏறக்குறைய ஈடாகும். இது வீட்டில் எல்லாரும் சாப்பிடும் மூன்று வேளைக்கு மேல் வர வேண்டிய சாப்பாடு. கடைசியாக உட்கார்ந்து பாத்திரத்தில் மிஞ்சியதைச் சாப்பிடும் மருமகளுக்கு அது ஒருநாளும் கிடைக்காது. இந்த வீடுகளில் முதலில் மாற வேண்டியது பந்தியின் வரிசைதான்.

மீன் சாப்பிடும் வீடுகளில் பால்சுறாப் புட்டுக்கு உள்ள மதிப்பு பெரிது. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன். அதன் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு நெத்திலி, சாளை போன்ற சிறு மீன்களே நல்லது. மும்பை மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் மாந்தேலியும் அந்த இனம்தான். முள்ளோடு மெல்லத் தக்கதாகப் பொரித்தால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். சைவர்களுக்கு மாட்டுங்கா மார்க்கெட்டின் முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், தயிர்.

உணவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அரசின் திட்டப்படி 60 மில்லிகிராம் இரும்புச்சத்து கொண்ட மாத்திரை, நாளுக்கு ஒன்று வீதம், பிரசவத்துக்குப் பின் 180 நாள் தொடர வேண்டும். 500 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து மாத்திரை நாளுக்கு இரண்டு. மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் இவை இலவசம். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடம்பில் சேராது. சாயாவோடு விழுங்கினாலும் அப்படித்தான். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடனும் சுண்ணாம்பு மாத்திரையைச் சாப்பாட்டோடும் வேறு வேறு வேளையில் எடுப்பது முறை. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம்; அதற்குப் பயந்து பாதியில் விடுகிறவர்கள் பலர்.

தண்ணீர் விஷயத்தில் தாராவிக்கென்று ஒரு துன்பம் உண்டு. வீட்டுக்குள் கழிப்பறை இல்லாத சந்துகளில், இரவில் பொதுக் கழிப்பறை வரை தனியே போகத் தயங்கிப் பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பிள்ளை பெற்றவளும் இதையே செய்கிறாள். சிறுநீரை அடக்கினால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, நீர்க்கடுப்பும் வரும். பாலூட்டும் ஒவ்வொரு வேளையும் ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுத்தால் அதற்கு மேலும், என்பதே அளவு. அந்த நாற்பது நாளும் இரவில் துணைக்கு ஒருவர் கூடப் போவது, அல்லது வீட்டு மோரியில் திரை கட்டி மூடியுள்ள வாளி ஒன்றை வைப்பது, லேகியத்தைவிடப் பெரிய பணிவிடை. குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் குடம் தூக்குவதும் அவள் வேலையாக இருக்கக் கூடாது. அடிவயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும் நேரத்தில் கனம் தூக்கினால் கர்ப்பப்பை கீழிறங்கும் தொல்லை பின்னாளில் வரலாம். சிசேரியன் ஆனவர்கள் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது.

பால் எப்படிச் சுரக்கிறது என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நஞ்சுக்கொடி விழுந்ததும் பாலைத் தடுத்துவைத்திருந்த ஹார்மோன் இறங்குகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பு நிறைகிறது. அதுவரை வருவது கெட்டியான மஞ்சள் சீம்பால். ஒரு வேளைக்குச் சில துளிகள், மிஞ்சிப்போனால் ஒரு சிறு கரண்டி. பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அவ்வளவே போதும், நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்திருப்பதும் அதில்தான். பால் இன்னும் வரவில்லை என்று சொல்லி, நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சேனை வைப்பது தென்மாவட்ட வழக்கம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் படுவதால் கிருமி உள்ளே போகும், குழந்தையின் பசி ஏமாறும். தேனில் உள்ள ஒருவகைக் கிருமி ஒரு வயது ஆகாத குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் போட வேண்டும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் சுரக்கின்றன. ஒன்று பாலை உண்டாக்குகிறது. மற்றொன்று பாலை வெளியே தள்ளுகிறது. முதல் வாரத்தில் பால் கொடுக்கும்போது அடிவயிறு பிசைவதும் அதனால்தான், அது கர்ப்பப்பை சுருங்கும் வலி. மார்பு காலியாகும் அளவுக்கு மறுபடி நிறையும். நாளுக்கு 8 முதல் 12 தடவை, இரவிலும் சேர்த்து, கொடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும்.

பால் பற்றவில்லை என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் வாரத்துக்குள் கிளம்பிவிடுகிறது. மாலை நேரத்தில் குழந்தை விடாமல் அழுது மார்பைத் தேடுவதை எல்லாரும் பசியென்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிந்தால், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிட்டால், பால் போதுமானது. அதை அறியாமல் ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் அந்த வேளைக்கு மார்பு காலியாகாது, மறுநாள் சுரப்பு குறையும், பிறகு பால் குறைவு என்பது உண்மையாகவே ஆகிவிடும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதையும் தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் தடை செய்கிறது.

பவுடர் பாலின் கேடு சயான் ஆஸ்பத்திரிக்குப் பட்டறிந்த பாடம். அங்கே குழந்தைநல மருத்துவராக இருந்த டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ், குறைமாதக் குழந்தைகள் கிருமித் தொற்றில் இறப்பதைக் கண்டு, பச்சிளங்குழந்தைகள் வார்டிலிருந்து புட்டியை வெளியேற்றித் தாய்மாரை உள்ளே அழைத்தார். 1989-இல் அந்த ஆஸ்பத்திரியில் அவர் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. குழந்தைக்குப் போக மிஞ்சும் பாலைத் தாய்மார் பீய்ச்சிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முப்பது நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, உறையவைத்துச் சேமிக்கிறார்கள். தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்கு அது போகிறது. தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் வாழும் பெண்களின் பால் இன்னொருத்தி பிள்ளையின் உயிரைக் காக்கத் தகுதியானது என்பதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வங்கி காட்டிவருகிறது. ஏழை உடம்பில் பால் ஊறாது, சத்து இருக்காது என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மார்புக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை குழந்தை வாய் வைக்கும் முறையில் தொடங்குகின்றன. காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும். வாய் அகலத் திறந்து, கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போய், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் முதல் சில விநாடிகளுக்கு மேல் வலி இருக்காது. வலித்தால் சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்து விடுவித்து மறுபடி பிடிக்கவைக்கலாம். சிசேரியன் தையல் உள்ளவர் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்தில் இடுக்கியோ கொடுக்கலாம். வெடிப்புக்குத் தன் பாலையே தடவிக் காற்றாட விட்டால் போதும்.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும்போது மாலிஷ்வாலியைக் கூப்பிட்டு அழுத்திப் பிசையச் சொல்வது பழக்கமாகிவிட்டது. இது கேடு. வீங்கிய திசுவை நசுக்கினால் வீக்கம் கூடும், சீழ்க்கட்டி வரை போகலாம். கருவட்டம் இளகும் அளவுக்குக் கையால் சிறிது பீய்ச்சிவிட்டுக் குழந்தைக்குக் கொடுத்து, பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம் வைப்பதே சரி. மார்பின் ஒரு பகுதி சிவந்து, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போய், ஒரு நாளுக்குள் தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. கெட்ட பால் என்று ஒன்று இல்லை; நிறுத்தினால்தான் தேக்கம் கூடும்.

எண்ணெய் தேய்த்துக் கைகால் பிடித்துவிடுவது வேறு. அது தாய்க்குச் சுகம். சிசேரியன் காயம் ஆறும்வரை வயிற்றில் கை வைக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போகாது, கீழ்நோக்கிய அழுத்தம்தான் கூடும். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, காதில் பஞ்சு வைத்து உட்காரவைப்பது தண்டனை. ஒற்றை அறையில் சாம்பிராணிப் புகை தாய்க்கு இருமல், குழந்தையின் நுரையீரலுக்கு ஆபத்து. படுத்தே கிடப்பதும் ஆகாது. ஆபரேஷன் ஆனவர்கூட 24 மணி நேரத்துக்குள் எழுந்து நாலடி நடந்தால் காலில் ரத்தம் உறையாது. ஊரில் பிரசவம் முடிந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திரும்புகிறவர்கள், ஒரு நாளுக்கு மேல் ஓடும் அந்தப் பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடப்பது அவசியம்.

தூக்கம்தான் இந்த நகரத்து வீடுகளில் கிடைக்காத பொருள். குழந்தை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டுமானால் துணி துவைப்பதும் விருந்தாளிக்குச் சாயா போடுவதும் இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். கணவருக்கு இதில் பங்கு உண்டு. பால் கொடுப்பதைத் தவிர ஏப்பம் எடுக்கவைப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் ஆண் கையாலும் ஆகும்.

பிரசவமான சில நாளில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்து, சாப்பாட்டிலும் குழந்தையிலும் மனம் ஒட்டாமல், குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமல் இருந்தால் அது மனச்சோர்வு நோய். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கு, பிள்ளை பெற்ற பெண்களில் 22 சதவீதம் பேரிடம் இதைக் கண்டது. ஐந்தில் ஒருவர் என்றால் ஒவ்வொரு சந்திலும் ஒருவர். பேய்க்கோளாறு என்று வேப்பிலை அடிப்பதும், பெண் பிள்ளை பிறந்ததைக் குத்திக்காட்டுவதும் அந்த நோயை வளர்க்கும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். யாரோ கூப்பிடுவதுபோலக் குரல் கேட்டால், தன்னையோ குழந்தையையோ கொன்றுவிடத் தோன்றுவதாகச் சொன்னால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தனியே விடக் கூடாது. வீட்டில் அடி உதை இருந்தால், டாக்டர் பெர்னாண்டஸ் 1999-இல் நிறுவிய ஸ்னேஹா அமைப்பு தாராவியில் அதற்கான உதவியையும் செய்துவருகிறது.

அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவது பற்றி ஆறாவது வாரப் பரிசோதனையில் கேட்டுவிட வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமலும், மாதவிடாய் திரும்பாமலும், இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தும் வந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. காப்பர் டி, ஆணுறை இரண்டும் பாலைப் பாதிக்காதவை.

வேலைக்குப் போகும் தாய்மாரைப் பற்றிய சட்டம் இந்த நகரத்தில் பிறந்தது. ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்காக 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் வந்த மகப்பேறு மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1929-இல் அது சட்டமாயிற்று. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல் சட்டம். நாடு முழுமைக்குமான 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபின், முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளையும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கொடுத்தாக வேண்டும். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. செம்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் ஆபீஸ் போகிறவர், பீய்ச்சிய பாலை மூடியுள்ள சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். மும்பை வெக்கையில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அடிக்கடி திறந்து மூடும் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அடுப்பில் சுடவைக்காமல் வெந்நீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையிலோ கரண்டியிலோ புகட்ட வேண்டும்.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து விற்கக் கொடுத்தனுப்பும் பெண்ணுக்கும், முறுக்குச் சுற்றுகிறவருக்கும், வீட்டுவேலைக்குப் போகிறவருக்கும் இந்த விடுப்பைக் கொடுக்க முதலாளி இல்லை. அவர்களுக்கு இருப்பது பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பது, இ-ஷ்ரம் அட்டை வைத்திருப்பது போன்ற தகுதிகளில் ஏதேனும் ஒன்று இருந்தால், முதல் குழந்தைக்கு இரண்டு தவணையாக 5,000 ரூபாயும், இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 ரூபாயும் தாயின் வங்கிக் கணக்குக்கு வரும். பாலூட்டும் தாய்க்கு ஆறு மாதம் வரை அங்கன்வாடியில் சத்துணவுப் பொட்டலமும் உண்டு. ஆதார் அட்டை, ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கின் பாஸ்புக், தாய்-சேய் நல அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன் அந்தச் சந்தின் அங்கன்வாடி ஊழியரிடமோ ஆஷா ஊழியரிடமோ பதிவு செய்யலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்து, குழந்தையின் முதல் சுற்றுத் தடுப்பூசிகளை முடித்திருந்தால் பிரசவத்துக்குப் பிந்தைய தவணை தடையின்றி வரும்.